ரயில் முன்பதிவு மாடல்: பிஎன்ஆர், பயணி, பெர்த் — எதற்கும் எதற்கும் என்ன உறவு?

#1 சங்கிலி_இழுக்காதே

ஜாவா, ஸ்பிரிங் பூட், ஹைபர்நேட் (ஜாவா ஆப்ஜெக்டுகளை டேட்டாபேஸ் டேபிளோடு இணைக்கும் லைப்ரரி), போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்). ரயில் முன்பதிவை எடுத்துக்கொண்டு ஒரு பயிற்சி புராஜெக்ட். கட்டணம், ரீஃபண்ட் எல்லாம் பிறகு. முதலில் கிளாஸ் டயகிராம் (எந்தக் கிளாஸுக்கும் எதற்கும் என்ன உறவு என்ற படம்) நேராக நிற்கட்டும். இப்போது இருப்பது:

ரயில் – பெட்டி: காம்போசிஷன் (பகுதி அந்த முழுமைக்கே சொந்தம், கறுப்பு டைமண்ட்), ஒன்றுக்குப் பல
பெட்டி – பெர்த்: காம்போசிஷன், ஒன்றுக்கு 72
பிஎன்ஆர் – பயணி: அக்ரிகேஷன் (தளர்வான முழுமை–பகுதி உறவு, வெள்ளை டைமண்ட்), ஒன்றுக்கு 1 முதல் 6
பயணி – பெர்த்: ஒன்றுக்கு ஒன்று

பயணி அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் (அதிலிருந்து நேரடியாக ஆப்ஜெக்ட் உருவாக்க முடியாது). அதன் கீழே கன்ஃபர்ம் பயணி, ஆர்ஏசி பயணி, வெயிட்டிங் பயணி என்று மூன்று சப்கிளாஸ்.

சந்தேகங்கள் மூன்று. பிஎன்ஆருக்கும் பயணிக்கும் நடுவில் கறுப்பு டைமண்டா, வெள்ளை டைமண்டா? சப்கிளாஸ் பிரித்தது சரியா? ஆர்ஏசியில் இரண்டு பேர் ஒரே பெர்த்தில் வருகிறார்களே, அதை ஒன்றுக்கு ஒன்று என்ற உறவில் எப்படி அடக்குவது?

#2 கூடல்நகர்_கோடர்

மூன்றாவது சந்தேகத்தை முதலில் எடுக்கிறேன். மாடல் உடையும் இடம் அதுதான். டைமண்ட் எந்த நிறம் என்பதால் எதுவும் உடையாது.

பாண்டியன் எக்ஸ்பிரஸையே எடுத்துக்கொள்ளுங்கள், 12637, எழும்பூரிலிருந்து மதுரை. எஸ்5 பெட்டியில் 23ஆம் பெர்த். எழும்பூரில் ஏறியவர் திருச்சியில் இறங்குகிறார். அதே பெர்த்தில் திருச்சியிலிருந்து மதுரை வரை வேறொருவர். ஒரே ஓட்டம், ஒரே பெர்த், இரண்டு பயணிகள். இன்னொன்று: ஸ்லீப்பரில் எட்டெட்டாகப் பிரித்தால் ஒவ்வொரு எட்டிலும் ஏழாவது சைடு லோயர். 7, 15, 23, 31 என்று போகும். ஆக 23 சைடு லோயர். ஆர்ஏசி ஆட்கள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் அதில் உட்கார்ந்து வரலாம். ஒன்றுக்கு ஒன்று என்பது இரண்டு விதத்திலும் அடிபட்டுப் போகிறது.

அதற்காக மெனி டு மெனி (பலவற்றுக்குப் பல) போட்டு, இரண்டையும் இணைக்கும் ஒரு ஜாயின் டேபிளில் இரண்டு ஐடியை மட்டும் வைத்தாலும் போதாது. எந்த நிறுத்தத்திலிருந்து எந்த நிறுத்தம் வரை, முழு பெர்த்தா பாதியா, எப்போது கொடுத்தது, இன்னும் நடப்பில் இருக்கிறதா: இவை பயணியின் பண்புகளும் இல்லை, பெர்த்தின் பண்புகளும் இல்லை. உறவின் பண்புகள். உறவுக்கென்று சொந்தத் தகவல் வந்துவிட்டால் அந்த உறவையே கிளாஸாக்குங்கள். ‘ஒதுக்கீடு’ என்று பெயர் வைக்கலாம்.

யூஎம்எல்லில் (கிளாஸ் டயகிராம் வரையும் குறியீட்டு முறை) இதை அசோசியேஷன் கிளாஸாக, புள்ளிக்கோட்டில் தொங்கவிட்டு வரைவார்கள். இங்கே அப்படி வரைய வேண்டாம். அசோசியேஷன் கிளாஸில் ஒரே ஜோடிக்கு, அதாவது இதே பயணிக்கும் இதே பெர்த்துக்கும், வழக்கமாக ஒரு இணைப்புதான் இருக்க முடியும். 23-இல் ஆர்ஏசியாக இருந்தவருக்கு அதே 23 முழுதாகக் கிடைத்தால் பழைய ஒதுக்கீட்டை முடித்துப் புதிதாக ஒன்று போடுவோம். ஜோடி ஒன்று, ஒதுக்கீடு இரண்டு. அதனால் சாதாரண கிளாஸாகவே வரைந்து இரண்டு பக்கமும் கோடு இழுங்கள்:

பயணி 1 – 0..* ஒதுக்கீடு (0..* என்றால் பூஜ்ஜியம் முதல் எத்தனையும்; நடப்பில் இருப்பது அதிகபட்சம் ஒன்று)
பெர்த் 1 – 0..* ஒதுக்கீடு

வெயிட்டிங் லிஸ்ட்டில் இருப்பவருக்கு ஒதுக்கீடு பூஜ்ஜியம். அவருக்காக வெற்று (null) பெர்த், டம்மி பெர்த் என்று எதையும் உருவாக்காதீர்கள்.

நிறுத்தங்களைப் பெயரால் ஒப்பிடாமல் வரிசை எண்ணால் ஒப்பிடுங்கள். சில நிறுத்தங்களை விட்டுவிட்டுச் சொன்னால் எழும்பூர் 1, தாம்பரம் 2, செங்கல்பட்டு 3, விழுப்புரம் 4, திருச்சி 5, திண்டுக்கல் 6, மதுரை 7. ஏறும் எண் சேரும், இறங்கும் எண் சேராது. முதலாமவர் 1 முதல் 5-க்கு முன் வரை, அடுத்தவர் 5 முதல் 7-க்கு முன் வரை. மோதுகிறதா என்று பார்க்க ஒரே வரி: முதலாமவர் ஏறும் எண் இரண்டாமவர் இறங்கும் எண்ணைவிடச் சிறியது, இரண்டாமவர் ஏறும் எண் முதலாமவர் இறங்கும் எண்ணைவிடச் சிறியது, இரண்டும் உண்மையானால் மோதல். இதில் ‘சிறியது அல்லது சமம்’ என்று எழுதினால் திருச்சியில் பெர்த் காலியாகியும் விற்காது. எர்ரர் எதுவும் வராது, இருக்கை மட்டும் சும்மா கிடக்கும். டெஸ்டில் முதலில் எழுத வேண்டிய கேஸ் இதுதான்.

#3 நிரல்_நெசவு

மேலே சொன்னதோடு ஒன்று. ‘ரயில்’ என்ற கிளாஸில் இரண்டு வெவ்வேறு விஷயங்களைக் கலந்து வைத்திருக்கிறீர்கள்.

12637 என்பது ஒரு ஏற்பாடு: எங்கே கிளம்பும், எங்கெங்கே நிற்கும், எந்தக் கிழமைகளில் ஓடும். 14ஆம் தேதி இரவு எழும்பூரிலிருந்து கிளம்பும் வண்டி அந்த ஏற்பாட்டின் ஒரு நாள் ஓட்டம். டிக்கெட் விற்பது ஓட்டத்துக்கு. பெர்த் காலியாவதும் நிறைவதும் ஓட்டத்தில். ரத்தாவதும் தாமதமாவதும் ஓட்டம்தான். பெட்டியையும் பெர்த்தையும் ‘ரயில்’ கிளாஸில் தொங்கவிட்டால் ஒவ்வொரு ஒதுக்கீட்டிலும் தேதி என்று ஒரு ஃபீல்டு ஒட்டிக்கொள்ளும். எல்லாக் கொயரியிலும் அந்தத் தேதி வரும். ஒரு கொயரியில் மறந்தால் நாளைய பயணி இன்றைய சார்ட்டில் வந்து நிற்பார். ரயில் 1 – 0..* ஓட்டம், ஓட்டம் 1 – 1..* பெட்டி, பெட்டி 1 – 1..* பெர்த் என்று போட்டால் தேதி ஒரே இடத்தில் அடங்கிவிடும்.

ஓட்டத்தின் அடையாளம் ரயில் எண்ணும் கிளம்பும் ஸ்டேஷனிலிருந்து புறப்படும் தேதியும். பயணி ஏறும் தேதியை இதில் கலக்காதீர்கள். பாண்டியன் நள்ளிரவு தாண்டித்தான் திருச்சிக்கு வரும். 14ஆம் தேதி ஓட்டத்தில் திருச்சியில் ஏறுபவரின் டிக்கெட்டில் 15 என்றுதான் இருக்கும். கால அட்டவணையின் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ‘எத்தனையாவது நாள்’ என்ற எண்ணை வைத்து அதிலிருந்து ஏறும் தேதியைக் கணக்கிடுங்கள். தனி ஃபீல்டாகச் சேமித்தால் இரண்டும் என்றாவது முரண்படும்.

பெட்டிக்கு 72 என்று மல்டிபிளிசிட்டி (ஒன்றுக்கு எத்தனை என்ற எண்) எழுதியிருப்பதையும் எடுத்துவிடுங்கள். பழைய ஐசிஎஃப் வகை ஸ்லீப்பரில் 72, புதிய எல்எச்பி வகை ஸ்லீப்பரில் 80, தேர்டு ஏசி என்றால் 64-உம் 72-உம். அது பெட்டி வகையின் தகவல். ‘பெட்டி அமைப்பு’ என்று ஒரு கிளாஸ் வைத்து, ஓட்டத்தை உருவாக்கும்போது அதைப் பார்த்துப் பெர்த்துகளை உண்டாக்குங்கள். அமைப்பு என்பது அச்சு, பெர்த் என்பது வார்ப்பு. அச்சைப் பிறகு மாற்றினாலும் விற்றுப்போன வார்ப்பு மாறக் கூடாது.

கால அட்டவணைக்கும் இதே கதி. ஓட்டம் நேராக ரயிலின் தற்போதைய நிறுத்தப் பட்டியலைச் சுட்டினால், நடுவில் ஒரு நிறுத்தம் சேர்ந்ததும் 5 என்பது திருச்சியிலிருந்து நகர்ந்து வேறொரு ஊராகிவிடும். விற்ற டிக்கெட் எல்லாம் ஊர் மாறும். ஓட்டம் திறக்கும்போதே நிறுத்தப் பட்டியலை நகலெடுத்துக்கொள்ளுங்கள், அல்லது அட்டவணைக்குப் பதிப்பு எண் கொடுத்து அந்தப் பதிப்பைச் சுட்டுங்கள்.

#4 சங்கிலி_இழுக்காதே

ஓட்டம், ஒதுக்கீடு இரண்டும் சேர்த்தாயிற்று. சப்கிளாஸ் விஷயம்? மூன்று வகைப் பயணிக்கும் நடத்தை வேறு. ரத்து செய்தால் ரீஃபண்ட் வேறு, சார்ட்டில் வருவது வேறு. பாலிமார்ஃபிஸத்துக்கு (ஒரே அழைப்பு, வகைக்கேற்ற நடத்தை) இதைவிட நல்ல இடம் உண்டா?

#5 அரைவட்டம்

நடத்தை வேறு என்பது சரி. ஆனால் வெயிட்டிங் 12 ஆக இருந்தவர் ஆர்ஏசி 4 ஆகி, பிறகு கன்ஃபர்ம் ஆவார். அதே ஆள், அதே பிஎன்ஆர், அதே வரிசை எண். ஜாவாவில் ஓர் ஆப்ஜெக்ட் பிறந்த கிளாஸை விட்டு வேறு கிளாஸுக்குத் தாவ முடியாது. பழையதை அழித்துப் புதிதாக ஒன்றை உருவாக்கலாம். அப்போது பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ரெஃபரன்ஸையும் தேடிப் போய் மாற்ற வேண்டும்.

ஹைபர்நேட் சிங்கிள் டேபிள் இன்ஹெரிட்டன்ஸில் (எல்லா சப்கிளாஸும் ஒரே டேபிளில்) வகை ஒரு டிஸ்கிரிமினேட்டர் நெடுவரிசையில் இருக்கும். அதை என்டிட்டி (டேபிளோடு இணைந்த ஆப்ஜெக்ட்) வழியாக மாற்ற வழியில்லை. நேட்டிவ் எஸ்கியூஎல்லில் அப்டேட் போட்டால் டேட்டாபேஸில் மாறும்; ஆனால் அதே செஷனில் ஏற்கெனவே லோடான ஆப்ஜெக்ட் பழைய கிளாஸாகவே நிற்கும். டேட்டாபேஸில் கன்ஃபர்ம், மெமரியில் வெயிட்டிங். இதைத் துரத்திப் பிடிப்பது வெறுப்பேற்றும் வேலை.

வாழ்நாளில் மாறக்கூடியது எதையும் சப்கிளாஸ் ஆக்காதீர்கள். பயணி ஒரே கிளாஸ். நிலை அதற்குள் ஓர் ஈனம் (enum: குறிப்பிட்ட சில மதிப்புகளை மட்டும் ஏற்கும் வகை). எந்த நிலையிலிருந்து எதற்குப் போகலாம் என்பதை அந்த ஈனமே சொல்லட்டும்: வெயிட்டிங்கிலிருந்து ஆர்ஏசி, கன்ஃபர்ம், ரத்து, ஆர்ஏசியிலிருந்து கன்ஃபர்ம், ரத்து, கன்ஃபர்மிலிருந்து ரத்து மட்டும். ரத்திலிருந்து எங்கும் போக முடியாது. ரீஃபண்ட் விதி நிலையைப் பொறுத்து மாறுகிறது என்றால் நிலைக்கு ஒரு விதி ஆப்ஜெக்ட் என்று மேப்பில் வையுங்கள். பாலிமார்ஃபிஸம் எங்கும் போய்விடவில்லை, பயணியிடமிருந்து விதிக்கு இடம் மாறியிருக்கிறது.

டிக்கெட்டில் இரண்டு நிலைகள் அச்சாகும், கவனித்திருப்பீர்கள்: பதிவு செய்தபோது இருந்தது, இப்போது இருப்பது. முதலாவது ஃபைனல், செட்டரே இருக்கக் கூடாது. இரண்டாவதுதான் மாறும். இரண்டையும் பயணியிடம் வையுங்கள், பிஎன்ஆரிடம் வேண்டாம். நான்கு பேர் டிக்கெட்டில் இரண்டு பேர் கன்ஃபர்ம், இரண்டு பேர் வெயிட்டிங் என்பது அன்றாடம் நடப்பது.

#6 வெண்டைக்காய்

அப்படியானால் தட்கலை பிஎன்ஆரின் சப்கிளாஸ் ஆக்கலாமா? தட்கல் பிஎன்ஆர் சாதாரண பிஎன்ஆராக நடுவழியில் மாறாது. பிறந்ததிலிருந்து சாகும்வரை தட்கல்தான். அரைவட்டம் சொன்ன சோதனையில் பாஸ்.

#7 அரைவட்டம்

அந்தச் சோதனையில் பாஸ், லிஸ்கோவ் சோதனையில் ஃபெயில்.

சாதாரண டிக்கெட்டில் 6 பேர் வரை, தட்கலில் 4 பேர் வரை. ‘பிஎன்ஆர்’ கிளாஸின் பயணியைச் சேர் மெத்தட் ஆறு பேர் வரை ஏற்பதாக வாக்குக் கொடுக்கிறது. அதை நம்பி எழுதிய நிரலுக்குத் தட்கல் பிஎன்ஆரைக் கொடுத்தால் ஐந்தாவது ஆளில் எக்ஸெப்ஷன். தாய் கிளாஸ் கொடுத்த வாக்கைப் பிள்ளை குறைக்கக் கூடாது. பார்பரா லிஸ்கோவ் 1987-இல் சொல்லத் தொடங்கியதன் சாரம் அதுதான்.

இன்னொரு சிக்கல், கோட்டா தட்கலோடு நிற்காது. பிரீமியம் தட்கல், லேடீஸ், சீனியர் சிட்டிசன், வெளிநாட்டுப் பயணி என்று வரிசை நீளம். அதோடு ‘ஆன்லைன் டிக்கெட்டா, கவுன்டர் டிக்கெட்டா’ என்பதையும் சப்கிளாஸில் காட்ட நினைத்தால் ஐந்து பெருக்கல் இரண்டு. மூன்றாவதாக இன்னொரு பிரிவு வந்தால் யாராலும் பராமரிக்க முடியாது.

‘கோட்டா’ என்று ஒரு கிளாஸ். அதிகபட்சப் பயணிகள், முன்பதிவு திறக்கும் நேரம், ரீஃபண்ட் விதி அதனிடம். பிஎன்ஆர் கட்டாயம் ஒரு கோட்டாவைச் சுட்டும், கன்ஸ்ட்ரக்டரிலேயே வாங்கிக்கொள்ளும். பயணியைச் சேர் மெத்தட் ‘கோட்டாவின் வரம்பு வரை’ என்று மட்டும் வாக்குக் கொடுக்கும். டயகிராமில் 1..6 என்று இருக்கட்டும். 4 என்பது குறிப்பாகப் பக்கத்தில்.

இன்ஹெரிட்டன்ஸ் சரியாக உட்காரும் இடமும் இந்தப் புராஜெக்டில் உண்டு. கட்டணம் செலுத்தும் முறை: யூபிஐ, கார்டு, நெட்பேங்கிங். யூபிஐ பேமென்ட் நடுவில் கார்டு பேமென்டாக மாறாது. தோற்றால் புதிய முயற்சி, புதிய ஆப்ஜெக்ட். ஒவ்வொன்றின் ஃபீல்டுகளும் வேறு. ஜாவா 17 என்றால் சீல்டு இன்டர்ஃபேஸ் (எந்தெந்த வகைகள் உண்டு என்று முன்பே பூட்டியது) போட்டு மூன்று ரெக்கார்டு (மாறாத டேட்டா கிளாஸ்) எழுதுங்கள்.

#8 சங்கிலி_இழுக்காதே

நல்லது. டைமண்டைப் பற்றி யாருமே பேசவில்லையே?

#9 கூடல்நகர்_கோடர்

பிஎன்ஆர் – பயணி: கறுப்பு. யூஎம்எல் கறுப்பு டைமண்டுக்குத் தெளிவாக இரண்டு விதி வைத்திருக்கிறது: ஒரு பகுதி ஒரு நேரத்தில் ஒரே முழுமைக்குத்தான் சொந்தம்; முழுமையை அழித்தால், அதற்கு முன் கழற்றப்படாத பகுதிகளும் அதோடு போகும். வெள்ளை டைமண்டுக்கு அப்படி எதுவுமில்லை. அதன் துல்லியமான பொருள் துறைக்குத் துறை, வரைபவருக்கு வரைபவர் மாறும் என்று யூஎம்எல் ஸ்பெக்கே (அதன் வரையறை ஆவணம்) கைகழுவிவிடுகிறது. பொருளே தீர்மானிக்காத குறியை வரைந்துவிட்டு அதற்கு விளக்கம் தேடி அலைய வேண்டாம். வெறும் கோடு, முனையில் ரோல் பெயர், மல்டிபிளிசிட்டி, போதும்.

ஆனால் ‘பயணி’ என்றால் எந்தப் பயணி? ஐஆர்சிடிசி கணக்கில் மாஸ்டர் லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. அடிக்கடி கூட வருபவர்களின் பெயர், வயதைச் சேமித்து வைப்பது. அதில் உள்ள நபரும் பிஎன்ஆரில் உள்ள பயணியும் ஒரே கிளாஸ் இல்லை. மாஸ்டர் லிஸ்ட் நபர் எந்தப் பிஎன்ஆரும் இல்லாமல் வாழ்வார், பத்து டிக்கெட்டில் வருவார். பிஎன்ஆர் பயணி அந்த டிக்கெட்டோடு பிறந்தவர். பெயர், வயது, பாலினத்தை டிக்கெட் எடுக்கும் கணத்தில் நகலெடுங்கள். ரெஃபரன்ஸாக இணைத்தால், மாஸ்டர் லிஸ்ட்டில் 59-ஐ 60 என்று திருத்தும்போது ஏற்கெனவே எடுத்த டிக்கெட்டிலும் வயது மாறும். வெள்ளையா கறுப்பா என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களில் பாதிப்பேர் இரண்டு கிளாஸை ஒரே பெட்டிக்குள் வரைந்தவர்கள்.

#10 வெண்டைக்காய்

வெள்ளை டைமண்டை ஒரேயடியாகத் தள்ளிவிட்டீர்கள் அண்ணே. அதற்கு ஒரு பயன் இருக்கிறது: எது முழுமை, எது உறுப்பு என்று படிப்பவருக்குத் திசை காட்டும். கூடவே சுழற்சி கூடாது என்ற கட்டுப்பாடும் அதில் அடங்கும். அ என்பது ஆவின் பகுதி, ஆ என்பது அவின் பகுதி என்று இருக்க முடியாது. வெறும் கோட்டில் அது தெரியாது.

#11 கூடல்நகர்_கோடர்

சுழற்சிக் கட்டுப்பாடு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஒரு கிளாஸ் தன்னையே சுட்டும் இடங்களில் (துறைக்குள் துறை, ஃபோல்டருக்குள் ஃபோல்டர்) அது தகவல்தான். ஆனால் கட்டுப்பாட்டை நிரலில் நீங்கள்தான் எழுத வேண்டும். குறி எழுதித் தராது. அதைவிடக் கோட்டின் மேல் சுருள் அடைப்பில் ‘சுழற்சி கூடாது’ என்று எழுதினால் கல்லூரியை விட்டு நேற்று வந்தவருக்கும் புரியும்.

#12 நிரல்_நெசவு

டைமண்ட் நிரலில் என்னவாக மாறுகிறது என்று பார்ப்போம்.

சி பிளஸ் பிளஸ் என்றால் கறுப்பு டைமண்ட் கண்ணுக்குத் தெரியும்: உறுப்பை மதிப்பாகவே வைப்பது, அல்லது யுனீக் பாயின்டர். வெறும் அசோசியேஷன் என்றால் சொந்தமில்லாத பாயின்டர், ரெஃபரன்ஸ். ஷேர்டு பாயின்டரை இரு பக்கமும் போட்டால் சுழற்சியாகி மெமரி விடுபடாது. ஒரு பக்கம் வீக் பாயின்டர் வேண்டும்.

ஜாவாவில் குப்பை பொறுக்குவதை ஜேவிஎம் பார்த்துக்கொள்வதால் காம்போசிஷன் வெறும் ஒழுக்கம். பயணியின் கன்ஸ்ட்ரக்டர் பேக்கேஜுக்கு வெளியே தெரியக் கூடாது. பயணியை உருவாக்குவது பிஎன்ஆர் மட்டும். பயணிகள் பட்டியலைத் திருப்பிக் கொடுக்கும் மெத்தட் மாற்ற முடியாத நகலைத் தர வேண்டும். உள்ளே இருக்கும் லிஸ்ட்டையே கொடுத்தால் யாராவது வெளியிலிருந்து ஏழாவது ஆளைச் சேர்ப்பார்கள்; உங்கள் 1..6 அங்கேயே செத்தது.

இப்போது ஹைபர்நேட். காம்போசிஷன் என்றதும் எல்லோரும் கேஸ்கேட் ஆல் (முழுமைக்குச் செய்வதெல்லாம் பகுதிக்கும்), ஆர்ஃபன் ரிமூவல் ட்ரூ (பட்டியலிலிருந்து எடுத்ததை அழி) என்று போடுவார்கள். இந்த மாடலில் இரண்டாவது ஆபத்து. நான்கு பேரில் ஒருவர் மட்டும் ரத்து செய்கிறார். நிரலில் பட்டியலிலிருந்து அவரை ரிமூவ் செய்கிறீர்கள். ஹைபர்நேட் டேபிளில் அவருடைய வரியை டிலீட் செய்துவிடும். ரீஃபண்ட் எதற்குக் கொடுத்தது என்பதற்கு ஆதாரம் போச்சு. முன்பதிவு உலகில் ரத்து என்பது நிலை, அழிவு இல்லை. ஆகவே கேஸ்கேடில் பெர்சிஸ்ட் (சேமி), மெர்ஜ் (புதுப்பி) மட்டும். பட்டியலிலிருந்து யாரையும் எடுக்கும் மெத்தடே வேண்டாம். ‘ரத்து செய்’ இருந்தால் போதும். கறுப்பு டைமண்ட் சொல்லும் ‘சேர்ந்து அழிவது’ இங்கே என்றோ ஒருநாள் பழைய டேட்டாவைக் காப்பகத்துக்கு அனுப்பும்போது மட்டும் நடக்கும்.

ஃபாரின் கீ (பிஎன்ஆரைச் சுட்டும் ஐடி) பயணி டேபிளில்தான் இருக்கும். எனவே ஹைபர்நேட் பார்வையில் உறவின் உரிமைப் பக்கம் பயணி, பிஎன்ஆர் பக்கம் மேப்டு பை (உறவை மறுபக்கம் வைத்திருக்கிறது என்ற குறிப்பு). பிஎன்ஆரின் பட்டியலில் மட்டும் சேர்த்துவிட்டுப் பயணியின் பிஎன்ஆர் ஃபீல்டை நிரப்பாமல் விட்டால், கேஸ்கேடில் இன்செர்ட் நடக்கும், ஃபாரின் கீ நல் ஆகப் போகும். நெடுவரிசையில் நாட் நல் (காலியாக இருக்கக் கூடாது) இருந்தால் உடனே வெடிக்கும். அது நல்லது; அதற்காகவே நாட் நல் வையுங்கள். பயணியைச் சேர் மெத்தடில் இரண்டு பக்கத்தையும் ஒருசேர நிரப்புங்கள்.

ஈக்வல்ஸ், ஹாஷ்கோடில் (இரண்டு ஆப்ஜெக்டும் ஒன்றா என்று ஒப்பிட உதவும் மெத்தட்கள்) டேட்டாபேஸ் தரும் ஐடியைச் சேர்க்காதீர்கள். சேமிக்கும் முன் ஐடி நல், பிறகு எண். ஹாஷ்செட்டில் போட்டு வைத்தது சேமித்த பின் கண்டெய்ன்ஸ் கேட்டால் இல்லை என்று சொல்லும். இங்கே இயற்கையான சாவி இருக்கிறது: பத்து இலக்க பிஎன்ஆர் எண்ணும் அதற்குள் பயணியின் வரிசை எண்ணும்.

டு ஸ்ட்ரிங்கை லாம்போக்கிடம் (மெத்தட்களைத் தானே எழுதித் தரும் லைப்ரரி) விட்டால் பிஎன்ஆர் பயணியை அச்சிடும், பயணி பிஎன்ஆரை அச்சிடும், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. ஜேசன் ஆக்கும்போதும் அதே. வெளியே அனுப்புவதற்கு டிடிஓ (டேட்டாவை மட்டும் சுமக்கும் ஆப்ஜெக்ட்) தனியாக வையுங்கள்.

#13 அரைவட்டம்

திசையைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாக் கோட்டிலும் இரண்டு பக்க அம்பு தேவையில்லை. ஒதுக்கீடு பெர்த்தைச் சுட்டட்டும்; பெர்த்தில் ஒதுக்கீடுகள் என்று பட்டியல் வேண்டாம். தேவைப்பட்டால் ரெபாசிட்டரியில் (டேட்டாபேஸிலிருந்து எடுத்துத் தரும் கிளாஸ்) கேட்டுக்கொள்ளலாம்.

மெனி டு ஒன் தானாகவே ஈகர் (உடனே லோடாகும்), ஒன் டு மெனி லேசி (தொடும்போது லோடாகும்). அதனால் ஒதுக்கீட்டிலிருந்து பெர்த்துக்கும் பயணிக்கும் போகும் கோடுகளில் லேசி என்று கையால் எழுத வேண்டும். எழுதிவிட்டு எஸ்5-இன் சார்ட்டை எடுத்தால் ஒதுக்கீடுகளுக்கு ஒரு கொயரி, பிறகு லூப்பில் ஒவ்வொரு பயணிக்கும் ஒன்று: நிறைந்த 72 பெர்த் பெட்டிக்கு 73, பெர்த்தையும் தொட்டால் 145. சார்ட் கொயரியில் மட்டும் இரண்டையும் ஜாயின் ஃபெட்ச் (ஒரே கொயரியில் சேர்த்து எடுப்பது) செய்யுங்கள். இரண்டும் ஒற்றை உறவுகள் என்பதால் வரிகள் பெருகாது.

#14 டேட்டாபேஸ்_தாத்தா

எல்லாம் சரி. ஒரே பெர்த்தில் இரண்டு ஒதுக்கீடு மோதக் கூடாது என்ற விதியை யார் காப்பது? இன்னும் யாரும் சொல்லவில்லை.

ஒதுக்கீடு தன்னை மட்டும்தான் அறியும், பக்கத்து ஒதுக்கீட்டை அறியாது. பயணிக்கும் தெரியாது. பெர்த்தைப் பாதுகாவலன் ஆக்கலாம். பட்டியல் வேண்டாம் என்று மேலே முடிவாகிவிட்டது. ஓட்டத்தைப் பாதுகாவலன் ஆக்கி அதில் வெர்ஷன் நெடுவரிசை வைத்தால் ஆப்டிமிஸ்டிக் லாக் (நடுவில் வேறொருவர் மாற்றியிருந்தால் நம் மாற்றம் தோற்கும்) கிடைக்கும். ஆனால் தட்கல் ஏசிக்குக் காலை 10 மணிக்கும் மற்றதற்கு 11 மணிக்கும் திறந்த நொடியில் அந்த ஓட்டத்துக்கு வரும் எல்லாரும் ஒரே வரியில் மோதுவார்கள். ஒருவர் ஜெயிப்பார், மற்றவர்களெல்லாம் ரீட்ரை. எஸ்1-இல் டிக்கெட் எடுப்பவர் எஸ்9-இல் எடுப்பவரைத் தடுக்க எந்த நியாயமும் இல்லை.

போஸ்ட்கிரெஸ்தானே? விதியை அங்கே வையுங்கள். எக்ஸ்குளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒன்றோடொன்று மோதும் வரிகளை அனுமதிக்காத விதி), அதற்கு ஜிஸ்ட் இண்டெக்ஸ் (வரம்புகளையும் தேடக்கூடியது). மூன்று கூறுகள்: பெர்த் ஐடி சமம், நிறுத்த வரம்பு மேல்விழுகிறது, பாதி வரம்பு மேல்விழுகிறது. மூன்றும் ஒருசேர உண்மையானால் இன்செர்ட் தோற்கும்.

பாதி வரம்பு என்பது ஆர்ஏசிக்கு. முழு பெர்த் என்றால் 1 முதல் 3-க்கு முன் வரை. ஆர்ஏசி முதல் ஆள் 1 முதல் 2-க்கு முன், இரண்டாம் ஆள் 2 முதல் 3-க்கு முன். இரண்டு ஆர்ஏசியும் ஒன்றோடொன்று மோதாது. முழு ஒதுக்கீடு இரண்டோடும் மோதும். #1-இல் கேட்ட மூன்றாவது சந்தேகம் தனி கிளாஸே இல்லாமல் இதில் தீர்கிறது.

செய்யும்போது இடறும் இடங்கள்:

ஐடி சமம் என்ற ஒப்பீட்டை ஜிஸ்ட் இண்டெக்ஸில் வைக்க பிட்ரீ ஜிஸ்ட் எக்ஸ்டென்ஷனை முதலில் நிறுவ வேண்டும். இல்லாவிட்டால் ஆபரேட்டர் கிளாஸ் இல்லை என்று எர்ரர்.

ரேஞ்ச் டைப்பை ஹைபர்நேட்டில் மேப் செய்யத் தனி லைப்ரரி தேடாதீர்கள். டேபிளில் நான்கு இன்டிஜர் நெடுவரிசை போதும். கன்ஸ்ட்ரெயின்ட்டுக்குள் இன்ட்4ரேஞ்ச் ஃபங்ஷனால் வரம்பாக்கிக்கொள்ளலாம். அங்கே எக்ஸ்பிரஷன் எழுத அனுமதி உண்டு. தொடக்கம் சேரும், முடிவு சேராது என்பதுதான் அதன் இயல்பு. #2-இல் சொன்ன விதியோடு அப்படியே பொருந்தும்.

ரத்தான ஒதுக்கீடுகள் டேபிளிலேயே இருக்கும் என்பதால் கன்ஸ்ட்ரெயின்ட்டின் முடிவில் வேர் (where) போட்டு ‘நடப்பில் உள்ளவை மட்டும்’ என்று வரம்பு கட்டுங்கள். விட்டுவிட்டால் ரத்தான பெர்த்தை மறுபடி விற்கவே முடியாது.

கடைசியாக, ஆர்ஏசி ஆளுக்குப் பெர்த் உயரும் நேரம். 23-இல் இருவர், ஒருவருக்கு 41 கிடைக்கிறது, மற்றவருக்கு 23 முழுதாக வேண்டும். பழைய இரண்டு ஒதுக்கீட்டையும் நடப்பில் இல்லை என்று மாற்றி, புதிதாக இரண்டு சேர்க்கிறீர்கள். நிரலில் எந்த வரிசையில் எழுதினாலும் ஹைபர்நேட் ஃப்ளஷ் (மாற்றங்களை டேட்டாபேஸுக்கு அனுப்புவது) செய்யும்போது இன்செர்ட்களை முதலில் அனுப்பும், அப்டேட்கள் பிறகு. புது வரி உள்ளே வரும்போது பழையது இன்னும் நடப்பில், கன்ஸ்ட்ரெயின்ட் உதைக்கும். பழையதை மாற்றியதும் கையால் ஒரு ஃப்ளஷ் கூப்பிடுங்கள். அல்லது கன்ஸ்ட்ரெயின்ட்டை டிஃபெரபிள், இனிஷியலி டிஃபெர்டு என்று வைத்தால் சோதனை கமிட் வரை தள்ளிப்போகும். இரண்டாவதில் எர்ரர் கமிட்டில்தான் வரும். எந்த வரி காரணம் என்று லாகில் தேட வேண்டும். முதலாவதே மேல்.

#15 சங்கிலி_இழுக்காதே

இன்னும் ஒன்றே ஒன்று. போர்டிங் பாயின்ட் மாற்றம். எழும்பூர் டிக்கெட், தாம்பரத்தில் ஏறுகிறார். ஒதுக்கீட்டின் தொடக்கத்தை 1-லிருந்து 2 ஆக்கிவிடலாமா?

#16 கூடல்நகர்_கோடர்

வேண்டாம். டிக்கெட் எங்கிருந்து என்பதும் ஆள் எங்கே ஏறுகிறார் என்பதும் இரண்டு உறவுகள். இரண்டுமே நிறுத்தத்தைச் சுட்டுகின்றன என்பதால் ஒன்றாகிவிடாது. பிஎன்ஆரிலிருந்து நிறுத்தத்துக்கு மூன்று தனிக் கோடுகள், ரோல் பெயர்களோடு: புறப்பாடு, ஏறுமிடம், சேருமிடம். தொடக்கத்தில் ஏறுமிடமும் புறப்பாடும் ஒரே நிறுத்தத்தைச் சுட்டும். மாற்றம் கேட்டால் ஏறுமிடம் மட்டும் நகரும். கட்டணம் வாங்கியது எழும்பூரிலிருந்து. ஒதுக்கீட்டின் வரம்பு புறப்பாட்டிலிருந்தே கணக்காகட்டும். சார்ட் மட்டும் ஏறுமிடத்தைப் படிக்கும்.

மாற்றிய பிறகு பழைய ஸ்டேஷனில் ஏற உரிமை கிடையாது என்பது ரயில்வே விதி. அதனால் ஏறுமிடத்தைப் பட்டியலாக வைக்காமல் ஒற்றை உறவாக, நாட் நல்லாக வையுங்கள். சோதனை இரண்டு: ஏறுமிட எண் புறப்பாட்டு எண்ணுக்குக் குறையக் கூடாது, சேருமிட எண்ணைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். இரண்டையும் பிஎன்ஆரின் மெத்தடில் எழுதுங்கள். மூன்று நிறுத்தமும் தெரிந்தது அதற்கு மட்டும்தான்.